உச்சி வெயிலில் பிரபு

மருமகளுக்கு வீட்டிலும் தூசி துடைக்கிற வேலை, ஆபீஸிலும் தூசி துடைக்கிற வேலை. வீட்டில் ஈரத்துணி, ஆபீஸில் கம்ப்யூட்டர் பேனா, வித்தியாசம் அவ்வளவுதான். பழைய படத்தின் நெகட்டிவை ஸ்கேன் செய்து, ஒவ்வொரு பிரேமாகத் திரையில் நிறுத்தி, கீறல், பூஞ்சை, முடி, ஒட்டுப் போட்ட இடத்துப் பசைக்கறை என்று எது கண்ணில் பட்டாலும் அழிக்க வேண்டும். பக்கத்துப் பிரேமிலிருந்து சுத்தமான துண்டை எடுத்து அந்த இடத்தில் ஒட்ட வேண்டும். இதையெல்லாம் தானாகவே செய்துவிடும் என்று மேலாளர் ஒரு சாப்ட்வேர் வாங்கிப் போட்டிருந்தார். அது போன படத்தில் மழையைத் தூசி என்று நினைத்து மொத்தமாகத் துடைத்துப் போட்டது. நாயகனும் நாயகியும் சொட்டு மழையில்லாத தெருவில் குடைக்குள் ஒண்டிக்கொண்டு நின்றார்கள். அதற்குப் பிறகு எல்லாம் கையால்தான்.

இப்போது வந்திருந்தது ரத்தம் குடிக்கும் பிரபுவின் படம். கறுப்பு வெள்ளை. மலை மேல் கோட்டை, கோட்டைக்குள் சவப்பெட்டி, பெட்டிக்குள் பிரபு. பகலெல்லாம் படுத்துக் கிடப்பார், இருட்டினதும் எழுந்து வருவார், வெயில் பட்டால் சாம்பலாகிவிடுவார். அந்தக் காலத்தில் இதைப் பார்த்துவிட்டு வந்து ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கியவர் யாரும் கிடையாது. பிரபுவாக நடித்தவர் இந்த ஒரே படத்தில் பெரிய நட்சத்திரமாகி, பல வருஷம் கொடிகட்டிப் பறந்து, போயும் சேர்ந்துவிட்டார். கோட்டை மதிலின் விளிம்பில், பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாமல், மேலங்கி காற்றில் படபடக்க நடந்து வந்து பிரபு கீழே குதிக்கிற காட்சி ஒன்று உண்டு. அதை அவர் டூப் போடாமல் தானே செய்தார் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. அவருடைய மகன்தான் இப்போது படத்துக்கு உரிமைக்காரர். சின்னவர் என்பார்கள். வீட்டில் போட்டுப் பார்க்கிற டிஸ்க்காகப் படத்தைப் புதுசு போலக் கொண்டுவர வேண்டும் என்று அவர்தான் நெகட்டிவைக் கொண்டுவந்து கொடுத்தார். டிஸ்க் உறை ஏற்கெனவே அச்சாகிவிட்டது. அதில் அப்பாவின் படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் போட்டிருந்தது: டூப் இல்லை, பயம் இல்லை.

நெகட்டிவ் நல்ல நிலையில் இருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று. படத்தின் வெளிச்சத்தையும் இருட்டையும் சரிபார்க்கிறவரை ஆபீஸில் கலர்காரர் என்பார்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்கும் அவர் கலர்காரர்தான். மதில் காட்சி ஸ்கேனிலிருந்து வந்ததும் மனுஷனுக்கு வாயெல்லாம் பல். ஒவ்வொரு கல்லும் தெரிகிறது, மேலங்கியின் நூல் தெரிகிறது. இருக்கிற வெளிச்சத்தை எல்லாம் வெளியே கொண்டுவந்து பளிச்சென்று ஆக்கி, சின்னவருக்கு மாதிரியும் அனுப்பிவிட்டார். சின்னவருக்கும் ஏக சந்தோஷம், அப்படியே இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டார். அந்தக் காலத்தில் ராத்திரிக் காட்சியைப் பகலில்தான் எடுப்பார்கள், பிரிண்ட் போடும்போது இருட்டாக்கிக்கொள்வார்கள் என்பது கலர்காரருக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் கோட்டை விட்டார். வெயில் பட்டால் சாம்பலாகிற பிரபு, குட்டி நிழல் காலடியில் கிடக்க, உச்சி வெயிலில் மதில்மேல் உலாத்திக்கொண்டிருந்தார். ஆபீஸே தூசியைத் தேடிக்கொண்டிருந்ததில் சூரியனை யாரும் கவனிக்கவில்லை.

மருமகள்தான் முதலில் கவனித்தாள். வெளியே நாள்கணக்காக விடாத மழை. உள்ளே ஏசி குளிரில் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு மதில் காட்சியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டே கலர்காரரைக் கூப்பிட வாயைத் திறந்தவள், அடுத்த பிரேமில் நின்றுவிட்டாள். அதுவரை தொப்பி விளிம்புக்குக் கீழே மறைந்திருந்த தலை நிமிர்ந்தது. பிரபு கேமராவை நேருக்கு நேர் பார்த்தார். பிரபு இல்லை. நட்சத்திரத்தின் வாழைப்பூ மூக்கும் இல்லை, இரட்டைத் தாடையும் இல்லை. ஒடுங்கின கன்னம், நடுவில் லேசாக முறிந்து வளைந்த மூக்கு, பார்க்கிறவரை அளந்து போடுகிற கண். அந்த மூக்குக்கு எதிரே உட்கார்ந்துதான் அவள் தினமும் காலையில் டீ குடிக்கிறாள்.

அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போனபோது கொடியில் துணியெல்லாம் ஈரம் காயாமல் நாறிக்கொண்டிருந்தது. சமையலறையில் மாமியார் ஸ்டூலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நெடுநெடுவென்ற உடம்பு, ஸ்டூலில் உட்கார்ந்தாலும் அடுப்பு எட்டும். இடது இடுப்பு சரியில்லாததால் நின்று சமைக்க முடியாது. எப்போதோ மாடிப்படியில் விழுந்தது என்றுதான் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"அத்தை, நீங்க சினிமால என்ன வேலை பாத்தீங்க?"

"ஆயிரம் தடவை சொல்லியாச்சு. கூட்டத்தோட கூட்டமா நிப்பேன்."

"கூட்டத்துலயா, மதில் மேலயா?"

கத்தி நின்றது. மாமியார் உரித்த வெங்காயத்தைத் தட்டில் வைத்தாள். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. பார்த்தேன். தொப்பியத் தூக்கிட்டு நேரா முறைக்கிறீங்க, என்னை எதுக்குடி பாக்குறேங்கற மாதிரி."

"தெரியுதா அது?" என்றாள் மாமியார். குரலில் பயம் இல்லை. கல்யாணப் பெண்ணிடம் உன் புடவை நன்றாக இருக்கிறது என்று சொன்னால் வருகிற குரல். "இருட்டுல போயிருக்கும்னுல்ல நெனச்சேன்."

"கலர்காரர் வெளிச்சத்தை ஏத்திட்டாரு. எல்லாம் தெரியுது."

"பல்லு?"

"பல்லு தெரியல. வாயை இறுக்கி மூடியிருக்கீங்க."

"பின்ன, பல்லு அவரு வாயில இருந்தது. எனக்கு யாரு செஞ்சு குடுத்தா."

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். சர்க்கஸில் கயிற்று மேல் நடந்துகொண்டிருந்தவளை உயரம் பார்த்துக் கூட்டிப்போனார்கள். நட்சத்திரத்துக்கு நாற்காலி மேல் ஏறினாலே தலை சுற்றும். மூன்று நாளாக உச்சி வெயிலில் கம்பளி மேலங்கியோடு நடக்கவிட்டார்கள். மூஞ்சி தெரியக்கூடாது, தலையைக் குனி என்று கீழேயிருந்து கத்திக்கொண்டே இருந்தார்கள். கடைசி தடவை அவளுக்கு என்னவோ வெறுத்துப் போயிற்று. நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டுக் குதித்தாள். வைக்கோல் மெத்தையை, அதன் நிழல் படத்தில் விழுகிறதென்று எவனோ நகர்த்தி வைத்திருந்தான். பாதி உடம்பு மெத்தையில், பாதி கல்லில். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், மாடிப்படியில் விழுந்தேன் என்று சொல்லச் சொன்னார்கள்.

"சொன்னேன். வெளிய வாயத் திறக்க மாட்டேன்னு வாக்குக் குடுத்தேன், திறக்கல. உன் மாமனாருக்கே தெரியாது."

இதற்குள் மாமியாரின் மகன் வந்து வாசலில் நின்றிருந்தான். வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறவன். சட்டையெல்லாம் சோப்புத் தண்ணீரும் கிரீஸும். எவ்வளவு கேட்டான் என்று தெரியவில்லை. கருவிப்பையைக் கீழே வைக்காமலே நின்றான்.

"அது நீயாம்மா?" என்றான். "அப்பா கூட்டிட்டுப் போய்க் காட்டுனாரே, அந்த மதில்ல வர்றது?"

"ஆமாடா."

"அதைப் பார்த்துட்டு ஒரு மாசம் படுக்கையில மூத்திரம் போனேன். நீதான தினம் போர்வை துவைச்ச."

"துவைச்சேன். எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சிரிப்பு," என்றாள் அம்மா. சொல்லிவிட்டு இப்போதும் சிரித்தாள். மருமகளுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அவன் மட்டும் சிரிக்கவில்லை, பையோடு உள்ளே போய்விட்டான்.

மறுநாள் சின்னவரும் அந்த மூஞ்சியைப் பார்த்துவிட்டார். மேலாளர் மருமகளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனுஷர், ஆனால் பணம் கொடுக்கிறவர் தும்மினால் இவர் மூக்கைத் துடைத்துக்கொள்வார்.

"அந்த மதில் ஷாட்ல யாரோ ஒரு டூப் மூஞ்சி தெரியுது. வேற காட்சியில இருந்து ஐயாவோட மூஞ்சியை எடுத்து அது மேல ஒட்டணும். இந்த மாதிரி வேலைக்கு உன் கைதான் சரி. வியாழக்கிழமைக்குள்ள முடிச்சுடு."

"அது தேவையே இல்ல சார். அது ராத்திரி சீன். நாமதான் தப்பா வெளிச்சம் போட்டுட்டோம். இருட்டாக்கினா படமும் சரியாகும், மூஞ்சியும் தெரியாது."

"சின்னவர் இந்த வெளிச்சத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டாரும்மா. விளம்பரத்துக்கு அனுப்புன துண்டுலயும் இதான் இருக்கு. மூஞ்சியை மட்டும் மாத்து."

"வெயில் பட்டா செத்துப்போற ஆளு சார் அவரு."

"அதெல்லாம் யாரு பாக்கப்போறா."

"மாத்த மாட்டேன் சார்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். அவள் மாட்டேன் என்று சொல்லி அவர் கேட்டதில்லை.

"ஏன்?"

"தூசி துடைக்கத்தான் சார் எனக்குச் சம்பளம். அது தூசி இல்ல. எங்க மாமியார்."

அன்று மாலை வீட்டில் சண்டை. உருளைக்கிழங்கு தட்டில் ஆறிக்கொண்டிருந்தது, மகன் கைவைக்கவில்லை.

"உனக்கு எதுக்கு இந்த வம்பு? நீ செய்யலன்னா இன்னொருத்தன் செய்யப்போறான். வேலையும் போயி, படமும் போயி, என்ன மிஞ்சும்?"

"நான் செய்யலைங்கறது மிஞ்சும்."

"நல்லா பேசு. இத்தனை வருஷம் யாருக்கும் தெரியாம போச்சு. இனிமே தெரிஞ்சு அம்மாவுக்கு இடுப்பு நேராகப் போகுதா?"

"இதைப் பாருங்க. தெரியாம இருக்கிறது வேற. அழிக்கிறது வேற. தெரியாம இருந்தாலும் இத்தனை வருஷம் அவங்க அங்க இருந்தாங்க. நான் ஒட்டிட்டா அங்கயும் இல்லாம போயிடுவாங்க. அதையும் என் கையால செய்யச் சொல்றீங்களா?"

"அம்மா, நீயே சொல்லு இவகிட்ட," என்றான் அவன்.

மாமியார் சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். விந்தி விந்தி வந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நாளைக்கு உங்க ஆபீஸுக்கு நான் வரேன்," என்றாள் மருமகளிடம். "ஆட்டோ பிடி. அந்தப் பையனையும் வரச்சொல்லு."

"எந்தப் பையன்?"

"அந்தப் பெரிய மனுஷனோட பையன்."

சின்னவர் வந்தார். மேலாளர்தான் வரவழைத்தார், கிழவியிடம் நயமாகப் பேசி ஒரு பூங்கொத்தைக் கொடுத்துச் சமாதானமாக அனுப்பிவிடலாம் என்பது அவர் கணக்கு. வெளிச்சம் பார்க்கிற அறையில் ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் சாம்பல் நிறம், எதிரே பெரிய திரை, நடுவில் சோபா. மாமியார் சோபாவில் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும் என்று சொல்லி, கலர்காரரின் சுழல் நாற்காலியை வாங்கிக்கொண்டாள். அவர் நின்றுகொண்டே வேலை செய்தார்.

"போடுங்க தம்பி."

பிரபு உச்சி வெயிலில் நடந்து வந்தார். நிமிர்ந்தார், பார்த்தார், குதித்தார். மாமியார் அசையாமல் பார்த்தாள். மருமகள் திரையைப் பார்க்காமல் அவளைப் பார்த்தாள்.

"இப்ப ராத்திரியா போடுங்க."

கலர்காரர் ஒரு குமிழைத் திருப்பினார். வானம் கறுத்தது. கல் கறுத்தது. வெயில் நிலா வெளிச்சமாக மாறி மதில் விளிம்பில் மட்டும் மெலிதாக ஒட்டிக்கொண்டது. மேலங்கி மட்டும் வந்தது, யாரும் உள்ளே இல்லாத மாதிரி. கழுத்து நிமிர்ந்தது தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு. மேலாளர் தன்னை அறியாமல் சோபாவில் கொஞ்சம் பின்னுக்கு நகர்ந்தார்.

"இதுதான் படம்," என்றார் கலர்காரர் மெதுவாக. "என் தப்புதான். அசந்துட்டேன்."

சின்னவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அம்மா, நீங்க கஷ்டப்பட்டிருக்கீங்க, நான் இல்லேங்கல. ஆனா எங்க அப்பாவுக்கு ஒரு பேரு இருக்கு. ஜனங்க நம்பியிருக்காங்க. வெளிச்சமா இருந்தா அப்பா மூஞ்சி இருக்கணும். அதை ஒட்டிட்டா யாருக்கும் நஷ்டமில்ல பாருங்க."

"தம்பி, உங்க அப்பா நல்லா நடிச்சாரு. அந்தப் பல்லை வச்சுக்கிட்டு அவரு சிரிச்சா யூனிட்டே நடுங்கும். அதுல நான் பங்கு கேக்கல. ஆனா நடை என்னோடது. குதிச்சது நான். உடைஞ்ச இடுப்பு இதோ, நாற்காலியில உக்காந்திருக்கு. நடையை எடுத்துக்கிட்டீங்க, பேரை எடுத்துக்கிட்டீங்க, ஒண்ணும் சொல்லல. மூஞ்சி ஒண்ணுதான் மிச்சம். அதைத் தரமாட்டேன்."

"அப்ப உங்க மூஞ்சியோடவே வெளியிடச் சொல்றீங்களா?"

"இருட்டாக்குங்க. ராத்திரின்னு சொல்லித்தான் என்னை நடக்கவிட்டாங்க. இருட்டுல இருக்க எனக்கு ஒண்ணும் கூச்சமில்ல. ஆனா இருட்டுக்குள்ள நான்தான் இருப்பேன்."

சின்னவர் மேலாளரைப் பார்த்தார், மேலாளர் மருமகளைப் பார்த்தார்.

"நான் ஒட்ட மாட்டேன் சார்," என்றாள் அவள்.

"நானும் அதைக் கையால தொட மாட்டேன்," என்றார் கலர்காரர். அவரிடம் யாரும் கேட்கவே இல்லை.

சின்னவர் மறுபடியும் திரையைப் பார்த்தார். இருட்டில் அப்பாதான் நடக்கிறார் என்று யாரும் நம்பலாம், வெளிச்சத்தில் முடியாது. கணக்குப் போட அவருக்குத் தெரியும். "சரி, இருட்டே இருக்கட்டும். ஆனா ஒண்ணு. அந்த மூஞ்சி மேல நல்லா கறுப்பைப் பூசிடுங்க. அடியில ஒண்ணும் இருக்கக் கூடாது."

"பூச மாட்டேன்," என்றாள் மருமகள். "கறுப்பைப் பூசுனா அந்த இடம் மட்டும் தார் ஊத்துன மாதிரி நிக்கும். கல்லுல நிழல் இருக்கும், துணியில மடிப்பு இருக்கும், மூஞ்சி மட்டும் ஓட்டை மாதிரி இருக்கும். வெளிச்சத்தைத்தான் இறக்கணும். எல்லாத்துக்கும் எவ்வளவு இறக்குறோமோ, அவங்க மூஞ்சிக்கும் அவ்வளவுதான்."

"என்னம்மா இது, மேல மேல பேசிட்டே போற," என்றார் மேலாளர்.

"வேலையைப் பத்தித்தான் சார் பேசறேன்."

சின்னவர் எழுந்து போகும்போது மாமியாருக்குக் கும்பிடு போட்டார். அவளும் போட்டாள். பூங்கொத்து மேலாளரின் மேஜையிலேயே இருந்துவிட்டது, அதைக் கொடுக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

மருமகளுக்கு வேலை போகவில்லை. ஆனால் அடுத்த படம் அவள் கைக்கு வரவில்லை. யார் வீட்டுப் பிறந்தநாள் வீடியோவோ பெட்டி பெட்டியாக வந்தது. மெழுகுவர்த்தியை ஊதுகிற குழந்தைகளை நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தாள். எந்தக் குழந்தையின் மூக்கும் மேலாளரை மாட்டிவிடாது பாருங்கள். அவள் அதையும் ஒழுங்காகவே செய்தாள். வீட்டில் கணவன், நான்தான் அப்பவே சொன்னேனே என்று சொல்வான் என்று எதிர்பார்த்திருந்தாள். அவன் சொல்லவில்லை. அம்மாவோடும் அதிகம் பேசுவதில்லை. அவள் விந்தி நடக்கும்போது மட்டும் செய்கிற வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பான்.

டிஸ்க் வெளிவந்த ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. மேல்வீட்டில் ஒரு ரிட்டயர்டான பஸ் கண்டக்டரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவர் நட்சத்திரத்தின் பரம ரசிகர். தலையில் மிச்சமிருக்கிற முடியை இன்னமும் அவரைப் போலவே பின்னுக்கு வாரியிருப்பார். மருமகள் அந்த ஆபீஸில் வேலை செய்கிறாள் என்று தெரிந்து, மதியம் சாப்பிட்ட கையோடு இருவரும் படம் பார்க்க இறங்கி வந்துவிட்டார்கள். மாமியார் டீ போட்டாள். மகன் திரைச்சீலையை இழுத்துவிட்டு டிஸ்க்கைப் போட்டான்.

கண்டக்டர் உறையை மடியில் வைத்து வாய்விட்டுப் படித்தார். "டூப் இல்லை, பயம் இல்லை. எப்பேர்ப்பட்ட மனுஷன். இந்தக் காலத்துப் பசங்களுக்கு வருமா இதெல்லாம்? கயிறு கட்டி, கம்ப்யூட்டர்ல பண்ணி..."

"டீ எடுத்துக்குங்க," என்றாள் மாமியார்.

மதில் காட்சி வந்தது. இருட்டில் மேலங்கி மட்டும் நடந்து வந்தது. வெளியே பட்டப்பகல், பக்கத்தில் நான்கு பேர் இருக்கிறார்கள். இருந்தும் கண்டக்டரின் மனைவி புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்டக்டர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முன்னால் குனிந்தார்.

"பாரு, பாரு. ஐயா எப்படிக் காலை வைக்கிறார் பாரு. எந்தப் பெண்ணைப் பெத்தவனும் மயங்கிடுவான் இந்த நடைக்கு. இதெல்லாம் பிறவியிலேயே வரணும்."

மகன் ரிமோட்டை எடுத்தான். பிரபுவின் கழுத்து நிமிர்ந்த இடத்தில் படத்தை நிறுத்தினான். மருமகள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. ரிமோட்டிலேயே டிவியின் வெளிச்சம் கூட்டுகிற இடத்துக்குப் போய், பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

வானம் முதலில் சாம்பலாயிற்று. பிறகு வெளுத்தது. கல் ஒவ்வொன்றாக எழுந்து வந்தது. மேலங்கியின் மடிப்பு வந்தது, தொப்பியின் விளிம்பு வந்தது. அதற்குக் கீழே ஒடுங்கின கன்னமும் வளைந்த மூக்கும் அளந்து பார்க்கிற கண்ணும் வந்தன. இருபது சொச்சம் வயசுப் பெண் ஒருத்தி உச்சி வெயிலில் மதில்மேல் நின்று, அறையில் இருந்தவர்களை யாரையும் விட்டுவைக்காமல் பார்த்தாள்.

"டிவி கெட்டுப்போச்சா தம்பி?" என்றார் கண்டக்டர். "யாரு இது?"

மகன் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. கண்டக்டரின் மனைவிதான் முதலில் திரும்பினாள். திரையைப் பார்த்தாள், நாற்காலியில் இருந்தவளைப் பார்த்தாள், மறுபடியும் திரையைப் பார்த்தாள். கண்டக்டரும் அவள் கண் போன திசையில் திரும்பினார். அவர் கை மடியிலிருந்த உறை மேல் அப்படியே நின்றுவிட்டது.

மாமியார் இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நான்தான்," என்றாள். "டீ ஆறுது, குடிங்க."